ஒன்றாம் நம்பர் கால்

மார்ச் 3

தம்பி,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. மூன்று வருஷமாக உன்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால், வேறு வழியில்லாமல்தான் எழுதுகிறேன் என்று உன் பெரிய மூளைக்குத் தெரிந்திருக்கும். போன் பண்ணலாம். பண்ணினால் கத்திவிடுவேன், பட்டறைக்கு எதிரே இருக்கிற பல் டாக்டர் ஜன்னலைச் சாத்துவார். அதனால் பேனாவை எடுத்தேன்.

பார்சலில் இருப்பது நீ வாங்கி வைத்த கறுப்புப் பெட்டி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். இரண்டும் போய்விட்டன. வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் பெட்டி டக் டக் என்றது. நாலைந்து தடவை அப்படிச் சொல்லிவிட்டு அதுவும் அடங்கிவிட்டது.

பதினோரு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் செயற்கைக் கால் செய்திருக்கிறேன். மிச்சமிருக்கிற கால் உள்ளே போய் உட்காருகிற அந்தக் கிண்ணம் ஒருவருக்காவது முதல் தடவையே சரியாக வந்ததுண்டா? இங்கே கடிக்குது, அங்கே உரசுது என்று ஐந்தாறு தடவை போட்டுப் பார்த்து, திருத்தித் திருத்தி, கடைசியில் வலிக்காமல் நிற்கிற அந்த வடிவம் அத்தனையும் இந்தப் பெட்டியில்தான் இருந்தது. பின் அறை நிறைய, மாவுக்கட்டு மாவில் வார்த்த கால் அச்சுகளும் இருந்தன. "இன்னும் எதுக்குக்கா இந்த மாவு மூட்டை? எல்லாம் டிஸ்க்ல ஏத்தியாச்சு. ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும். இடத்தைக் காலி பண்ணு." யார் சொன்னது? நீதான். உன் பேச்சைக் கேட்டு என் கையாலேயே சுத்தியால் உடைத்துக் கொட்டினேன்.

நம் கிரேன்காரம்மாவை ஞாபகம் இருக்கும். தீக்காயத் தோல், ஒன்பது தடவை திருத்தி நாலு மாசம் எடுத்தோமே, அவர்தான். போன வாரம் இரும்புப் படியில் விழுந்து கால் மூன்று துண்டு. அவருக்கு அடிபடவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். இருபத்தொன்பதாம் தேதி கம்பெனியில் சோதனை. அறுபத்து நாலு படி ஏணி ஏறிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கிரேன் வேறு ஆளுக்கு, இவர் ஸ்டோர் ரூமில் ஆணி எண்ண வேண்டியதுதான். பழைய வடிவம் கிடைத்தால் இரண்டே நாளில் புதுக் கால் கொடுப்பேன். முதலிலிருந்து ஆரம்பித்தால் மறுபடியும் நாலு மாசம்.

எடுத்துக் கொடு. மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், அல்லது பேசாமலே இருக்கலாம்.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

திட்டும் பெட்டியும் ஒரே பார்சலில் பத்திரமாக வந்து சேர்ந்தன.

பதறாதே. செத்த டிஸ்க்கை எழுப்புவதுதான் இப்போது என் பிழைப்பு. கடைக்கு வருகிற பத்தில் எட்டு எழுந்து உட்கார்ந்துவிடும். கல்யாண வீடியோ, கல்லூரி ஆராய்ச்சி, ஒருத்தர் பூனையின் நாலாயிரம் படம், எல்லாம் மீட்டிருக்கிறேன். உன் இருநூற்றுப் பன்னிரண்டு கால் எனக்கு ஒரு விஷயமா?

ஆனால் ஒன்று புரியவில்லை. இரண்டு டிஸ்க்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொள்கிற மாதிரிதான் வைத்துவிட்டு வந்தேன். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும். படுத்த உடனே பெட்டியின் முன்னால் சிவப்பு விளக்கு மினுக்க வேண்டும், நீ எனக்குச் சொல்ல வேண்டும், நான் புதிது மாட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு. விளக்கு எரியவே இல்லையா? இன்னொன்று. டிஸ்க் மேலிருந்த லேபிள் பழுப்பேறி, பசை உருகி ஓடியிருக்கிறது. பெட்டியை எங்கே வைத்திருந்தாய்? வெயிலிலா?

மறைக்காமல் எழுது. டாக்டரிடம் பொய் சொன்னால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

கிரேன்காரம்மாவிடம் தைரியமாக இருக்கச் சொல்.

தம்பி


மார்ச் 10

டேய் டாக்டர்,

விளக்கு எரிந்தது. ஆறு மாசமாக எரிந்தது. கால் அளவு எடுக்கிற நேரத்தில் கண்ணுக்கு நேரே மினுக் மினுக் என்று உயிரை வாங்கியது. கறுப்பு டேப் ஒரு துண்டு கிழித்து அதன்மேல் ஒட்டிவிட்டேன். பிறகு நிம்மதியாக இருந்தது.

சொல்லவில்லையா என்று கேட்பாய். யாரிடம் சொல்வது? வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டு போனவனுக்குப் போன் போட்டு, விளக்கு எரியுதுடா ராசான்னு கொஞ்சவா?

பெட்டி இருந்தது ஓவனுக்கு மேல் தட்டில். ஆமாம், பிளாஸ்டிக் தகட்டை இளக்குகிற ஓவன்தான். "இதுக்கு எதிரி ஈரம்தான்கா, காய்ஞ்ச இடமா பார்த்து வை"ன்னு நீதானே பாடம் எடுத்தாய்? மாவு கரைக்கிற பட்டறையில் எந்த மூலையைத் தொட்டாலும் ஈரம். காய்ந்த இடம் அது ஒன்றுதான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடித்தான் வைத்தேன். தினமும் தொட்டுப் பார்ப்பேன், ஈரமே இருக்காது. சூடாக இருக்கும்.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. பிறகு அழுகை வருகிறது. நேற்றுக் கிரேன்காரம்மா ஊன்றுகோலோடு வந்து அரை மணி உட்கார்ந்துவிட்டுப் போனார். போகும்போது, "உங்க தம்பி கெட்டிக்காரர், எடுத்துருவாரு"ன்னு எனக்கே ஆறுதல் சொன்னார்.

என் தப்பை ஒப்புக்கொண்டேன். நீ உன் வேலையைப் பார்.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

எடுக்க முடியவில்லை.

நானே திறந்து பார்க்கவில்லை, தூசு இல்லாத அறை வைத்திருக்கிற நண்பனிடம் கொடுத்தேன். முதல் டிஸ்க் ஆறு மாசத்துக்கு முன்பே போய்விட்டது. இரண்டாவது தனியாகத் தாங்கிக்கொண்டிருந்து, போன மாசக் கடைசியில் விழுந்திருக்கிறது. உள்ளே தட்டின்மேல் ஊசி உரசி, எழுதி வைத்த பூச்சே பொடிப்பொடியாக வந்துவிட்டது. "துடைச்சு எடுக்க இதுல ஒண்ணுமே இல்லப்பா"ன்னு நண்பன் சொன்னான். பத்தில் எழாத அந்த இரண்டும் உன்னுடையதாகவா இருக்க வேண்டும்?

நீ ஓவனை நினைத்து உன்னையே குத்திக்கொண்டிருப்பாய். அதை நிறுத்து. தப்பு என் பேரில். இரண்டு டிஸ்க்கை ஒரே பெட்டியில் போட்டு ஒரே அறையில் வைத்தால் அதற்குப் பேக்கப் என்று பேரில்லை. எது வந்தாலும் இரண்டுக்கும் சேர்ந்தே வரும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் மூன்றாவதாக ஒன்று வாங்கினேன். எல்லாவற்றையும் அதில் நகல் எடுத்து, பட்டறைக்கு வெளியே எங்காவது வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து செய்யலாம் என்றிருந்தேன். வியாழக்கிழமை நமக்குச் சண்டை.

ஞாபகம் இருக்கிறதா? கிரேன்காரம்மாவுக்கு என் கணக்குப்படி மெஷின் செதுக்கிக் கொடுத்த வடிவத்தை நீ அரத்தை எடுத்து ராவினாய். "மெஷின் செஞ்சதை நீ மறுபடியும் ராவுறேன்னா அப்ப நான் இங்க எதுக்கு?" என்றேன். "எதுக்குன்னு எனக்கும் தெரியல"ன்னு நீ. வந்த கோபத்தில் துணிமணியோடு அந்த டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது, உறை கூடப் பிரிக்கவில்லை. மூன்று வருஷமாக அதன்மேல் டீ டம்ளர் வைக்கிறேன்.

உன் பதினோரு வருஷத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு வெள்ளிக்கிழமை போதுமாக இருந்தது. நான் இருக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேறு எதை எழுதுவது?

கிரேன்காரம்மாவிடம் நானே பேசட்டுமா?

தம்பி


மார்ச் 17

தம்பி,

நீ யாரிடமும் பேச வேண்டாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு இதைப் படி.

உன் கடிதம் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோபம் வந்தால் பட்டறையைப் பெருக்குவேன் என்று உனக்குத் தெரியும். பெருக்கினேன். கழிவுச் சாக்கை இழுத்துப் போட்டேன், உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது கிரேன்காரம்மாவின் உடைந்த கால்! விழுந்த அன்று அவர் கொண்டுவந்து தந்ததை நானேதான் அதில் போட்டிருக்கிறேன். மூன்று துண்டு, ஒரு சில்லு கூடக் குறையவில்லை. அடி மடச்சி, வடிவம் டிஸ்க்கில் மட்டுமா இருந்தது? அந்தம்மா மூன்று வருஷமாக மாட்டிக்கொண்டு நடந்ததே அந்த வடிவம்தானே!

துண்டுகளைப் பொருத்தி வெளியே டேப் சுற்றினேன். அதே கறுப்பு டேப், சிரிக்காதே. உள்ளே எதை ஊற்றுவது? நம் மாவு கல்லாக இறுகும், வெளியே வராது. ரோட்டைத் தாண்டி பல் டாக்டரிடம் ஓடினேன். பல்லுக்கு அச்சு எடுக்க அவர் வாயில் வைப்பாரே, ரப்பர் மாதிரி இறுகுகிற பொடி, அதை ஒரு டப்பா கேட்டேன். "யாருக்கும்மா இவ்வளவு பெரிய வாய்?" என்றார். கரைத்து ஊற்றினேன். பத்து நிமிஷத்தில் இறுகி, வழுக்கிக்கொண்டு முழுசாக வெளியே வந்தது. காய்ந்தால் சுருங்கும் என்பதால் சூட்டோடு சூடாக ஸ்கேன் எடுத்தேன். ஒன்பது தடவை திருத்தியதும் அதில் அப்படியே இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே அந்தத் தழும்புக்கு விட்ட பள்ளம் கூட!

புரிகிறதா பெரிய மூளை? பேக்கப் எங்கேயும் போகவில்லை. ஊர் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது, பஸ் ஏறுகிறது, மாடிப்படி இறங்குகிறது, கடையில் வரிசையில் நிற்கிறது. இருநூற்றுப் பதினோரு நகல்! வீட்டு நோட்டில் எல்லார் நம்பரும் இருக்கிறது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "ஒரு மணி நேரம் காலைக் கழட்டிக் கொடுங்க"ன்னு கேட்கப் போகிறேன்.

மன்னிப்பெல்லாம் மடித்து வை. கிரேன்காரம்மா கால் ஸ்கேனை ஒரு பென் டிரைவில் போட்டுத் தனியாக அனுப்புகிறேன். எடுத்த ஸ்கேனை எப்படி வைத்தால் மறுபடியும் போகாது, அதை மட்டும் எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அக்கா


மார்ச் 21

அக்கா! அக்கா!

கடையில் வைத்துப் படித்தேன். கத்திய கத்தலில் வாடிக்கையாளர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். நான் டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், நீ சாக்கைக் கவிழ்த்துக் கண்டுபிடித்துவிட்டாய். உனக்கு இனிமேல் டேப் வாங்கவே காசு கொடுக்கலாம்.

இப்போது நான் சொல்வதைச் சுவரில் எழுதி ஒட்டு. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மூன்று நகல். ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று தனி டிஸ்க்கில், அதைப் பூட்டி உன் வீட்டு அலமாரிக்கு எடுத்துப் போய்விடு, பட்டறையில் வைக்காதே. மூன்றாவது வேறு ஊரில். வேறு ஊருக்கு எங்கே போவது என்று கேட்காதே, நான் இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு பென் டிரைவ் தபாலில் அனுப்பு. மாசம் ஒரு தடவை ஏதாவது ஒரு காலை நகலிலிருந்து திறந்து பார்க்க வேண்டும், திறந்தால்தான் அது நகல். விளக்கு எரிந்தால், எந்த நிறமானாலும், எனக்குப் போன். சண்டை இருந்தாலும் போன்.

நீ தனியாக அனுப்பிய பென் டிரைவ் இன்று காலை வந்தது. கிரேன்காரம்மா காலைத் திறந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கு மெஷின் எந்த வடிவம் செதுக்கியது என்று எனக்கு மறக்கவே இல்லை, நான் போட்ட கணக்கு அது. இதில் எலும்பு ஓரத்தில் கூடுதலாக இரண்டு மில்லிமீட்டர் ராவியிருக்கிறது. நீ அரத்தால் ராவியது. அந்த இரண்டு மில்லிமீட்டர் இல்லாவிட்டால் அந்தம்மா ஒரு வாரத்துக்கு மேல் நின்றிருக்க முடியாது. இப்போது என் கண்ணுக்குத் தெரிகிறது. அன்றைக்கு உன் கைக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்காகவா மூன்று வருஷம் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தேன்? நினைத்தால் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

தம்பி

பி.கு. ஓவனுக்கு மேல் தட்டையே பெயர்த்து எடுத்துவிடு.


மார்ச் 30

தம்பி,

ஏறிவிட்டார்!

நேற்று நானும் கூடப் போனேன். இரும்பு ஏணி, அண்ணாந்து பார்த்தால் எனக்கே தலை சுற்றியது. கீழே இரண்டு ஆபீசர்கள், ஒருத்தர் கையில் கடிகாரம். கிரேன்காரம்மா கையுறையை மாட்டினார், என்னைப் பார்த்தார், ஏறினார். நாற்பதாவது படியில் நின்றார். எங்கே கடிக்கிறதோ, எந்த ஓரத்தைக் கோட்டைவிட்டேனோ என்று மனசுக்குள் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினேன். மேலிருந்து குரல் வருகிறது: "சும்மாதாங்க நின்னேன், காத்து நல்லாருக்கு!" அறுபத்து நாலும் ஏறி, இறங்கி, "இன்னொரு தடவை ஏறட்டுமா?"ன்னு ஆபீசரைக் கேட்டார். கிரேன் அவருக்கே.

பட்டறையை நீ பார்க்க வேண்டும். வராந்தாவில் ஒரே கூட்டம். காலைக் கழட்டிக் கொடுத்துவிட்டு வரிசையாக உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். போன திங்கட்கிழமை இரண்டு பேர் காலை மாற்றி மாட்டிக்கொண்டு பாதி ரோடு போய்த் திரும்பி வந்தார்கள். இப்போது ஒவ்வொரு காலிலும் சீட்டு ஒட்டுகிறேன். பல் டாக்டர் பொடியை மூட்டையாக வரவழைத்துக் கொடுக்கிறார், காசு வேண்டாமாம், தினமும் வந்து கூட்டத்தை வேடிக்கை பார்க்க அனுமதி மட்டும் போதுமாம்.

நூற்று நாற்பத்து மூன்று முடிந்தது. நீ சொன்னபடி மூன்று இடத்தில் நகல். நேற்று ஒன்றைத் திறந்தும் பார்த்தேன், திறந்தது.

நோட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தபோது ஒன்று உறைத்தது. ஒன்றாம் நம்பர் இன்னும் வரவில்லை. பத்தொன்பது வயசில் பைக்கிலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "நான் இனி நடக்க மாட்டேன்கா"ன்னு சொன்ன ஒருத்தன். அவனுக்காகத்தான் நான் இந்தத் தொழிலையே கற்றுக்கொண்டேன். அவன் கால் ஃபைலும் அந்தப் பெட்டியோடு போய்விட்டது.

எப்போது வருகிறாய்?

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இப்போது வர முடியாது. கால் ரொம்ப நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. நகல்தானே வேண்டும்? காலையே அனுப்பியிருக்கிறேன்.

சிரிக்காதே. பழைய துணி சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, நானே தபால் ஆபீஸ் போய்க் கொடுத்தேன், ஊன்றுகோலில். "உள்ளே என்ன சார்?"ன்னு கேட்டார்கள். "கால்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெட்டிமேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: கவனம், இதற்கு வேறு நகல் கிடையாது.

ஸ்கேன் எடுத்ததும் திருப்பி அனுப்பிவிடு. ஒரு வாரம் கடையில் நாற்காலியிலேயே உட்கார்ந்து சமாளித்துக்கொள்வேன். உள்ளே கொஞ்சம் அழுக்காக இருக்கும், கண்டுகொள்ளாதே.

தம்பி


ஏப்ரல் 7

டேய்,

பெட்டியைத் திறந்தேன். உள்ளே கையை விட்டேன்.

கம்பளித் துண்டு மூன்று அடுக்கு. அதன்மேல் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் ஸ்பான்ஞ்சு, எந்தப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பான்ஞ்சோ. ஒவ்வொன்றாகப் பிய்த்து மேஜைமேல் வைத்தேன். கடைசி அடுக்கில் ரத்தக் கறை. ஒரு குறையும் இல்லையா? வேலை தலைக்கு மேலா? கால் மெலிந்து கிண்ணத்துக்குள் தொளதொளவென்று ஆட, ஊர் டிஸ்க்கெல்லாம் ரிப்பேர் பண்ணிக்கொண்டு இதன்மேல் நின்றிருக்கிறாய். கேட்டால் அக்காவிடம் திரும்பிப் போக வேண்டும், அது கௌரவக் குறைச்சல். கிரேன்காரம்மா பக்கத்தில்தான் இருந்தார். அவர் முன்னாலேயே ஓவென்று அழுதேன். பிறகு உன்னை வண்டை வண்டையாகத் திட்டினேன். அதற்கும் அவர்தான் தண்ணீர் கொடுத்தார்.

எனக்கும் பங்கு உண்டு. ஒட்டிய டேப் அந்த விளக்குமேல் மட்டும் இல்லை. ஒன்றாம் நம்பருக்குப் புதுக் கால் வேண்டிய வருஷம் வந்துவிட்டது என்று நோட்டில் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தைத் திருப்பிக்கொண்டேன். வந்தால் செய்வோம், நாமாக ஏன் கூப்பிட வேண்டும் என்ற திமிர்.

இந்தக் காலில் நகல் எடுக்க ஒன்றுமில்லை. இது மூன்று வருஷத்துக்கு முந்தைய தம்பியின் வடிவம். அந்த ஆள் இப்போது இல்லை. எனக்கு அசல் வேண்டும்.

நீயாக வருவாய் என்று வாசலைப் பார்த்து உட்காருகிற ஆள் நான் இல்லை. உன் கால் என்னிடம் இருக்கிறது, இனி எங்கே ஓடுவாய்? சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். மாவு, கட்டுத்துணி, ஸ்கேனர், அரம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அளவு எடுத்துக்கொண்டு திரும்புவேன். அடுத்த சனிக்கிழமை போட்டுப் பார்க்க, அதற்கடுத்த சனிக்கிழமை திருத்த, ஒன்பது தடவை ஆனாலும் ஆகட்டும். கணக்கை நீ போடு, நான் ராவுகிறேன். கடைசியாக எடுக்கிற ஸ்கேனுக்குக் கம்ப்யூட்டரில் ஒன்றாம் நம்பரைக் காலியாக வைத்திருக்கிறேன்.

உன் மேஜையில் இருக்கிற அந்த டிஸ்க்கின் உறையைப் பிரித்து வை. அன்றைக்குப் பாக்கி வைத்த வெள்ளிக்கிழமை வேலையைச் சேர்ந்து உட்கார்ந்து முடிப்போம். அது உன்னிடமே இருக்கட்டும். வேறு ஊரில் ஒன்று வேண்டும் என்று நீதானே சொன்னாய், மாசம் ஒரு தடவை நானே வந்து புதுசை ஏற்றிவிட்டுப் போகிறேன். இனித் தபாலை நம்புவதாக இல்லை.

சனிக்கிழமை கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதே. நீ எழுந்து வந்து திறக்க வேண்டாம், உட்கார்ந்தே இரு.

அக்கா